பிள்ளை நம்மிடம் வருவதா, நாம் பிள்ளையிடம் போவதா?

இலங்கையின் வடக்கே வன்னியில், பரந்தன் – முல்லைத்தீவு வீதியில், விசுவமடுவுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையில் பதினான்கு குடும்பங்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒன்றாக இருந்து கதைப்பது வழக்கம். எல்லா வீட்டிலும் ஓட்டிசமோ (பழகுவதும் கதைப்பதும் உணர்வதும் வேறு மாதிரி இருப்பது) ஏடிஎச்டியோ (கவனம் ஓரிடத்தில் நிற்காமல், சும்மா இருக்க முடியாமல் இருப்பது) உள்ள பிள்ளை ஒன்று இருக்கிறது. இரண்டு வீட்டில் இரண்டு பேர். கனடாவில் இருக்கிற ஒரு பிள்ளையின் பெரியப்பா ஒரு வருடத்துக்கு மாதாமாதம் கொஞ்சக் காசு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். பெரிய தொகை இல்லை. ஒரு வேலையை ஒழுங்காகச் செய்யலாம், இல்லாவிட்டால் நாலு வேலையை அரைகுறையாகச் செய்யலாம். எதற்குச் செலவழிப்பது என்று என்னையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். இந்தப் பக்கம் பத்து வருடமாக உளவளத்துணை வேலை செய்கிறேன். அதில் பாதிக்கு மேல் இப்படியான பிள்ளைகளோடும் இளம் ஆட்களோடும்தான்.

கூட்டத்தில் நாலு யோசனை வந்தது. முன்பள்ளி, பாடசாலை ரீச்சர்மாருக்குப் பயிற்சிப் பட்டறை வைப்பது. மாதம் ஒருதரம் வான் பிடித்துப் பிள்ளைகளை யாழ்ப்பாணத்துக்குக் காட்டக் கூட்டிப் போவது. வெளிநாட்டில் இருக்கிற தமிழ் தெரிந்த சிகிச்சையாளர் ஒருவரோடு வீடியோவில் கதைப்பது. ஊரிலேயே ஒரு ஆளைப் பழக்கி வீடு வீடாக அனுப்புவது. எல்லோரும் செலவுக் கணக்குப் பார்த்தார்கள், அது நியாயம். நான் இன்னொரு கேள்வியையும் தராசில் வைக்கச் சொன்னேன்: பிள்ளையோடு வேலை செய்கிற ஆளுக்கு அந்தப் பிள்ளையை விளங்க வைப்பது இந்த நாலில் எது? எவ்வளவு நல்ல முறையாக இருந்தாலும், பிள்ளையை விளங்காத கைக்குப் போனால் பிழைத்துப் போவதை நிறையத் தரம் பார்த்துவிட்டேன்.

எங்கள் ஊர்களில் இரக்கத்துக்குக் குறைவில்லை. கோயில் திருவிழாவில் முன்பின் தெரியாத அம்மா ஒருவர் கிட்ட வந்து, "பாவம் பிள்ளை" என்று தலையைத் தடவி, கையில் கச்சான் பக்கற்றை வைத்துவிட்டுப் போவார். சில பிள்ளைகளுக்குத் தலையைத் தொட்டால் உடம்பெல்லாம் கூசும், சிலருக்கு அது வலியாகவே இருக்கும். அது அவருக்குத் தெரியாது. அவருடைய அன்பு உண்மை. பிள்ளை பட்ட பாடும் உண்மை. ஒத்துணர்வு என்று நான் சொல்வது, கையை நீட்டுமுன் ஒரு கணம் நின்று பிள்ளையின் தோள் இறுகுகிறதா என்று பார்ப்பதை. உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957இல் எழுதிய கட்டுரையில் இதை வடிவாகச் சொன்னார்: மற்றவரின் உலகத்தை உன்னுடையது போலவே உணர வேண்டும், ஆனால் அந்தப் "போல" என்கிற சொல்லைத் தொலைத்துவிடக் கூடாது. இந்தப் "போல" வன்னியில் எவ்வளவு முக்கியமாகிவிடுகிறது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைக்கும் பல பட்டறைகளில் அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். 1985இல் லண்டனில் சைமன் பாரன்-கோகன், அலன் லெஸ்லி, யூட்டா ஃப்ரித் ஆகிய மூவரும் ஒரு பரிசோதனை செய்தார்கள். இரண்டு பொம்மைகள். ஒரு பொம்மை கூடைக்குள் ஒரு போளையை வைத்துவிட்டு வெளியே போகிறது. மற்றப் பொம்மை அதை எடுத்துப் பெட்டிக்குள் வைக்கிறது. திரும்பி வரும் பொம்மை எங்கே தேடும் என்பது கேள்வி. போளை இடம் மாறியது அதற்குத் தெரியாது, ஆகவே கூடை என்பதுதான் சரி. ஓட்டிசம் உள்ள 20 பிள்ளைகளில் 16 பேர் பெட்டியைக் காட்டினார்கள். மற்றவர் மனதில் இருப்பதை ஊகிக்க இவர்களுக்கு வராது என்ற முடிவு அதிலிருந்து உலகம் முழுக்கப் பரவியது. பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்து, "இவர்களுக்கு ஒத்துணர்வே இல்லை" என்ற பேச்சாக மாறிவிட்டது. சரியாகச் சொன்ன மற்ற நாலு பேரை எல்லோரும் மறந்துபோனார்கள்.

2012இல் டேமியன் மில்டன் என்ற பிரித்தானிய சமூகவியலாளர் கேள்வியைத் திருப்பிப் போட்டார். அவரும் ஓட்டிசம் உள்ளவர். விளங்காமை இரண்டு பக்கத்திலும் இருக்கிறது என்றார்: அவர்களுக்கு நம்மை விளங்கவில்லை என்றால், நமக்கும் அவர்களை விளங்கவில்லை. இதற்கு "இரட்டை ஒத்துணர்வுப் பிரச்சினை" என்று பெயர் வைத்தார். 2017இல் வந்த ஒரு ஆய்வு இதை வேறு பக்கத்தால் காட்டியது. ஓட்டிசம் உள்ள பெரியவர்களின் சில நொடி வீடியோவைப் பார்த்தவர்கள், இவரோடு பழக விருப்பமில்லை என்று கெதியாகத் தீர்மானித்தார்கள். அதே ஆட்கள் சொன்னதை எழுத்தில் மட்டும் கொடுத்தபோது அந்த விருப்பமின்மை காணாமல் போனது. சொன்ன விசயத்தில் குறையில்லை, பார்வையிலும் குரலிலும்தான் பார்த்தவர்கள் தடுக்குப்பட்டிருக்கிறார்கள்.

2020இல் ஸ்கொட்லாந்தில் கத்தரின் குரொம்ப்டனும் கூட இருந்தவர்களும் எட்டு எட்டுப் பேர் கொண்ட சங்கிலிகளில் ஒரு கதையைக் காதோடு காதாகக் கடத்தச் சொன்னார்கள். எல்லோருக்கும் ஓட்டிசம் இருந்த சங்கிலி, ஒருவருக்கும் இல்லாத சங்கிலியளவு நன்றாகவே கதையைக் கடத்தியது. இரண்டும் கலந்த சங்கிலியில்தான் கதை தேய்ந்தது. 2025இல் இதைப் பெரிதாகச் செய்து பார்த்தபோது கலந்த சங்கிலியிலும் அந்தளவு தேய்வு தெரியவில்லை. ஆகவே அந்த ஒரு முடிவைத் தூக்கிப் பிடிக்க நான் வரவில்லை. ஆனால் ஓட்டிசம் உள்ளவர்களுக்கிடையே தொடர்பே நடக்காது என்ற நினைப்பு இரண்டு தரமும் பொய்த்தது. எனக்கு அது போதும்.

சரி, இனி யோசனைகளுக்கு வருவோம்.

பட்டறையைப் பற்றி நீட்ட மாட்டேன். ஓட்டிசம், ஏடிஎச்டி, வாசிப்பில் வரும் டிஸ்லெக்ஸியா என்ற பெயர்களையாவது ரீச்சர்மார் கேள்விப்பட வேண்டும். பிள்ளை குழப்படிக்காகக் கதிரையை விட்டு எழும்பவில்லை என்பதாவது தெரிய வேண்டும். அதற்கு ஒரு நாள் காணும். மூன்று நாள் பட்டறைகளில் மிச்ச நேரத்தை எதில் கழிக்கிறார்கள் என்பதுதான் எனக்குக் கவலை. நானும் ஒன்றில் இருந்திருக்கிறேன். காதில் இரைச்சல் போட்டு, கண்ணுக்கு முன்னால் லைற்றை மின்னி மின்னி அடித்து, ஒரு பந்தியை வாசிக்கச் சொன்னார்கள். அரை மணித்தியாலத்தில் எல்லோரும் களைத்துப்போய், "ஐயோ, இப்படியா இந்தப் பிள்ளைகள் வாழுதுகள்" என்று கண் கலங்கினோம். எனக்கும் கண் கலங்கியது. அடுத்த கிழமை என்னிடம் வந்த பிள்ளையோடு நான் எப்படி இருந்தேன் என்று இப்போது யோசித்தால், கூடப் பயந்திருக்கிறேன், கூடப் பரிதாபப்பட்டிருக்கிறேன், அவன் செய்யக்கூடியதைக்கூட நானே செய்து கொடுத்திருக்கிறேன். கண்ணைக் கட்டிப் பார்வையற்றவரைப் போல நடக்கச் சொல்லும் பயிற்சிகளைப் பற்றி 2015இல் வந்த ஓர் ஆய்வும் இதைத்தான் சொல்கிறது: அப்படி நடித்துப் பார்த்தவர்கள், பார்வையற்றவர்களால் வேலை செய்யவும் தனியாக வாழவும் முடியும் என்பதை முன்னையைவிடக் குறைவாகவே நம்பினார்கள். கண் கட்டிய முதல் பத்து நிமிடத்துத் தடுமாற்றத்தை ஒரு ஆளின் வாழ்க்கை என்று நினைத்துவிட்டார்கள்.

வானைப் பற்றிக் கதைப்பது கஷ்டம், ஏனென்றால் கூட்டத்தில் பாதிப் பேருக்கு அதில்தான் விருப்பம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் பிள்ளைக்கு ஏதோ நடக்கிறது என்ற உணர்வு வரும். அதில் நியாயமும் உண்டு. காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும், வலிப்பு இருந்தால் மருந்து வேண்டும், நோயறிதல் கடிதம் இல்லாமல் விசேட கல்வி அலகிலோ உதவிப்பணத்திலோ ஒரு படிவமும் நகராது. இலங்கையில் ஓர் அரை நகர்ப்புறப் பகுதியில் 18 முதல் 24 மாதப் பிள்ளைகளிடையே செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வு, 93 பிள்ளைகளில் ஒருவருக்கு ஓட்டிசம் என்ற கணக்கைக் காட்டியது. அந்தக் கணக்கை எங்கள் பக்கத்துக்குப் போட்டுப் பார்த்தால், எங்கள் பதினான்கு வீட்டைப் போல எத்தனை வீடு இன்னும் பெயர் தெரியாமல் இருக்கும் என்று நினைக்க மனம் பாரமாகிறது. ஆகவே வைத்தியரிடம் காட்டுவதை யாரும் விடக் கூடாது.

ஆனால் அந்தப் பயணத்தைப் பிள்ளையின் பக்கம் நின்று பாருங்கள். விடிய நாலரைக்கு எழுப்புகிறோம். வழமையான கோப்பை இல்லை, வழமையான புட்டு இல்லை. பரந்தன் சந்தி, ஆனையிறவு, பளை, கொடிகாமம், சாவகச்சேரி என்று வான் போகிறது. ஜன்னலால் வெயில் வெட்டி வெட்டி அடிக்கிறது, ரேடியோ பாடுகிறது, பக்கத்தில் இன்னொரு பிள்ளை அழுகிறது. பிறகு வரிசை. பிறகு ரியூப்லைற் இரைகிற ஒரு அறை. அங்கே பத்து நிமிடம் கிடைத்தால் பெரிய விசயம். அந்தப் பத்து நிமிடத்தில் வைத்தியர் காண்பது களைத்து, பசித்து, பயந்து போன ஒரு பிள்ளையை. தாய் சொல்வார், "வீட்டில இப்படி இல்லை டொக்டர்." அது உண்மை, ஆனால் அதைக் காட்ட அவர் கையில் ஒன்றும் இருக்காது. வெளியே இத்தனை பேர் காத்திருக்கும்போது வைத்தியர் என்ன செய்வார்? யாரையும் குறை சொல்ல இல்லை. பிள்ளையை விளங்கிக்கொள்ள அந்த அறை சரியான இடமில்லை, அவ்வளவுதான்.

வீடியோ அழைப்பு இதற்கு நேர் எதிர். நேரம் இருக்கிறது, பயணம் இல்லை. புலம்பெயர்ந்த நாடுகளில் படித்துவிட்டு ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிற தமிழ்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பிள்ளையைப் போனுக்கு முன்னால் இருத்தி வேலை செய்ய நினைத்தால் இது சரிவராது. பிள்ளை போனைப் பறிக்கும், இல்லாவிட்டால் சிவப்புப் பொத்தானை அமத்தும், அந்த நேரம் பார்த்து சிக்னலும் போகும். ஆனால் போனுக்கு முன்னால் இருப்பது தாயாகவோ, வீட்டுக்குப் போகும் பணியாளராகவோ இருந்தால் கதை மாறும். அதைப் பிறகு சொல்கிறேன்.

நாலாவது யோசனையை அப்புறம் பார்ப்போம் என்று தள்ளி வைக்கப் பார்த்தார்கள். "படிக்காத ஆளை அனுப்பி என்ன செய்கிறது?" என்று ஒரு தகப்பன் கேட்டார். நல்ல கேள்வி. பதிலும் இருக்கிறது. மன்செஸ்டரில் ஜொனதன் கிறீன் என்ற வைத்தியரின் குழு, தாய் தகப்பனைக் கொண்டே செய்கிற ஒரு முறையை 152 சின்னப் பிள்ளைகளிடம் பரிசோதித்து 2010இல் வெளியிட்டது. அதையே எங்கள் பக்கத்து நாடுகளுக்கு ஏற்ற மாதிரி மாற்றி, கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளோடு செய்து 2016இல் முடிவு சொன்னார்கள். அங்கே வேலை செய்தவர்கள் நிபுணர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சாதாரணச் சுகாதாரப் பணியாளர்கள். 12 அமர்வுகள். தாய் பிள்ளையின் போக்குக்கு ஏற்பப் பதில் கொடுப்பது கூடியது, பிள்ளை தானாகத் தொடர்பைத் தொடங்குவதும் கூடியது. எல்லா அளவுகோலிலும் முன்னேற்றம் வரவில்லை. ஒன்றாக ஒரு பொருளில் கவனம் வைப்பது குறைந்துகூட இருந்தது. மந்திரம் ஒன்றும் இல்லை. ஆனால் வன்னியில் செய்யக்கூடிய வேலை.

அந்த முறையின் உயிர் ஒரு சின்ன விசயத்தில் இருக்கிறது. தாயும் பிள்ளையும் விளையாடுவதைக் கொஞ்ச நேரம் படம் பிடிப்பது. பிறகு தாயும் பணியாளருமாக இருந்து அதைத் திருப்பிப் பார்ப்பது. நானும் இப்படி ஒரு வீட்டில் செய்து பார்த்தேன். ஆறு வயதுப் பெடியன், கதை வரவில்லை. கிணற்றுக் கட்டுக்குப் பக்கத்தில் வாளியை வைத்துக்கொண்டு, கையைத் தண்ணீருக்குள் விட்டு எடுத்து, விரல் நுனியால் சொட்டுச் சொட்டாக விழுவதை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்ப்பான். ஒரு மணித்தியாலம் பார்ப்பான். வீட்டில் எல்லோரும் அதை நிறுத்தத்தான் பார்த்தார்கள். நான் என் பாட்டுக்கு ஒரு சட்டியில் தண்ணீர் எடுத்து, இரண்டு முழம் தள்ளி இருந்து அதையே செய்தேன். முதலில் அவனைப் பிடிப்பதற்கான தந்திரமாகத்தான் செய்தேன் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது நாள் என் விரலில் தொங்கின சொட்டுக்குள் கமுகு தலைகீழாக நின்றதைக் கண்டேன். வடிவாக இருந்தது. அன்றைக்குத்தான் நான் அவனோடு இருக்கத் தொடங்கினேன் என்று நினைக்கிறேன். அடுத்த கிழமை அவன் வாளியை ஒரு சாண் என் பக்கம் தள்ளினான். அதற்கடுத்த கிழமை என் கையைப் பிடித்துத் தன் வாளிக்குள் வைத்தான்.

பிறகு தாயோடு ஐந்து நிமிட வீடியோ எடுத்தோம். திண்ணையில் இருந்து பார்த்தோம். "தம்பி இஞ்ச பார்", "தம்பி இதென்ன", "தண்ணி சொல்லு, தண்ணி" என்று இடைவிடாமல் அவர் கதைத்துக்கொண்டே இருக்கிறார். எல்லாம் பாசத்தில். பெடியன் வாளியைத்தான் பார்க்கிறான். மூன்றாவது நிமிடத்தில் அவர் களைத்துப்போய் ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு சும்மா இருக்கிறார். அப்போது அவன் தலை திரும்புகிறது, இரண்டு வினாடி தாயின் முகத்தில் நிற்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே போனை வாங்கித் திருப்பிப் போட்டு, இன்னொருதரம் போட்டு, "மிஸ், நான் கதைக்காத நேரந்தானே பார்த்திருக்கிறான்" என்றார். இதை ஒரு பட்டறையில் நூறு தரம் சொல்லிக் கொடுத்தாலும் அந்தத் தாய்க்கு இப்படி விளங்கியிருக்காது.

இனி அந்தப் "போல". அதே வீட்டில் பக்கத்துத் தோட்டத்துத் தண்ணீர் மெசின் ஸ்ரார்ட் எடுத்தால் பெடியன் காதைப் பொத்திக்கொண்டு கத்துவான். தாய் 2009இல் முள்ளிவாய்க்கால் வரைக்கும் போய் வந்தவர். வற்றாப்பளைப் பொங்கலுக்கு வெடி கொளுத்தினால் இன்றைக்கும் அவருக்குக் கை நடுங்கும். ஒரு நாள் என்னிடம், "எனக்கு வெடிக்கு வாறது போலத்தான் இவனுக்கு மெசினுக்கு வருதோ?" என்று கேட்டார். வன்னித் தாய்மாரிடம் மட்டுமே வரக்கூடிய கேள்வி இது. சத்தம் உடம்பை என்ன செய்யும் என்று அவர்களுக்குப் படிப்பிக்கத் தேவையில்லை. ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் பிழைக்கும். அவருக்கு அந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஒரு நினைவு இருக்கிறது. மகனுக்கு நினைவு வேண்டாம், சத்தமே போதும், ஒவ்வொரு தரமும் புதிதாக அடிக்கிறது. அவருக்கு யாராவது இறுக்கிக் கட்டிப் பிடித்தால் ஆறுதல். ஆகவே அவனையும் ஓடிப்போய்க் கட்டிப் பிடிப்பார், காதோடு அம்மாளாச்சியைக் கூப்பிடுவார், அவன் இன்னும் கத்துவான். வீடியோவில் பார்த்தபோது, அவன் கையை உதறிவிட்டு உள்ளே ஓடி, நெல் மூட்டை இரண்டுக்கு நடுவில் தன்னைச் செருகிக்கொள்வது தெரிந்தது. அவனுக்கும் இறுக்கம் வேண்டும், ஆனால் மூட்டையின் இறுக்கம். அது மூச்சு விடாது, கதைக்காது. இப்போது அந்த வீட்டில் மூட்டை அடுக்கும்போது ஒரு பிள்ளை நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு அடுக்குகிறார்கள்.

வீட்டுக்குப் போகிற ஆள் அங்கே என்ன செய்ய வேண்டும் என்பதிலும் கூட்டத்தில் பேச்சு வந்தது. மேசையில் இருத்தி, சொன்னதைச் செய்தால் பிஸ்கட் கொடுத்துப் பழக்குவதை ஒரு தாய் யூரியூப்பில் பார்த்திருக்கிறார். அந்த வழியின் பெரிய பெயர் லோவாஸ் என்ற அமெரிக்க உளவியலாளர். 1987இல் அவர் வெளியிட்ட ஆய்வில் 19 பிள்ளைகளுக்குக் கிழமைக்கு 40 மணித்தியாலம் பயிற்சி கொடுத்தார்கள். அதில் உரத்து "இல்லை" என்பதும், தொடையில் அடிப்பதும்கூட இருந்தன. இன்று அதைச் செய்பவர்களில் பெரும்பாலானவர்கள் மென்மையாகத்தான் செய்கிறார்கள், அடியை ஏற்பதில்லை. கக்கூசுக்குப் போகப் பழக்க, ஏ9 பெருவீதியில் கையை விட்டு ஓடாமல் இருக்கப் பழக்க, படிப்படியாகச் சொல்லிக் கொடுத்துப் பாராட்டுவதில் எனக்கு எதிர்ப்பு இல்லை. கண்ணைப் பார்க்கப் பழக்குவதையும் கையை ஆட்டுவதை நிறுத்துவதையும் நான் செய்ய மாட்டேன். ஓட்டிசத்தோடு வளர்ந்த பெரியவர்கள் பலர், சின்ன வயதில் அப்படி அடக்கிப் பழக்கியதன் களைப்பு இன்னும் உடம்பில் இருக்கிறது என்று எழுதியும் பேசியும் வருகிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்காமல் ஒத்துணர்வைப் பற்றிப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதனால்தான் யோசனைப் பட்டியலில் இல்லாத ஒரு ஆளைக் கூட்டத்துக்குக் கூட்டி வந்தேன். சைக்கிள் கடையில் வேலை செய்கிற இளைஞர். 2009இல் அவருக்கு நாலு வயது. செட்டிகுளத்தில் மெனிக் பார்ம் முகாமில் இருந்தபோது அவர் கதைக்கவில்லை. ஷெல்லுக்குப் பயந்த பிள்ளை என்றார்கள், நூல் கட்டினார்கள். அப்போது எத்தனையோ பிள்ளைகள் கதைக்காமல் இருந்தார்கள், யார் யாருடைய மௌனம் எதனால் என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் நேரமும் மனமும் இருக்கவில்லை. மற்றப் பிள்ளைகள் மெல்ல மெல்லக் கதைத்தார்கள். இவருக்குப் பெயர் கிடைக்கப் பதினைந்து வயதாகியது. எங்கள் பக்கத்தில் போரின் நிழல் இப்படியும் விழுந்திருக்கிறது. எல்லாவற்றையும் அதன் தலையில் போட்டதால், அதற்குச் சம்பந்தமே இல்லாமல் பிறப்பிலேயே வேறு மாதிரி இருந்த பிள்ளைகளை நாங்கள் காணவில்லை.

அவர் வாயால் குறைவாகத்தான் கதைப்பார். வட்ஸ்அப்பில் நீளமாக எழுதுவார். நான் அவரோடு வேலை தொடங்கிய காலத்தில் ஒரு இரவு எழுதினார்: "அக்கா, நீங்கள் கேட்டால் பதில் வந்துகொண்டுதான் இருக்கும். அது வருமுன் நீங்கள் அடுத்ததைக் கேட்கிறீர்கள். அப்போது முதல் பதிலும் போய்விடும்." மௌனத்தை நிரப்புவது அன்பு என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். அதற்குப் பிறகு மேசை விசிறி அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் திரும்பி வரும் வரைக்கும் வாயைத் திறப்பதில்லை. பதில் வருகிறது. கூட்டத்தில் அவர் எழுதிக் காட்டிய ஒரு வரிதான் பெற்றாரைக் கூட யோசிக்க வைத்தது: வீட்டுக்கு ஆள் வருவதானால், என்ன நாள், என்ன நேரம், எவ்வளவு நேரம் என்று முதல் நாளே படம் கீறிக் காட்டுங்கள், திடீரென்று வந்தால் நல்ல ஆளும் கள்ளன் மாதிரித்தான். அவருக்கு மாதத்தில் இரண்டு நாள் கூலி கொடுத்து, பணியாளருக்குச் சொல்லித் தரும் ஆளாக வைக்க வேண்டும் என்றேன். இலவசமாக வரச் சொல்வதை நான் ஒத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்குப் போவதிலும் குறை உண்டு. "ஆள் வந்து போனா ஊர் பாக்கும்" என்றார் ஒரு தாய். மூத்த மகளுக்குக் கல்யாணம் பேசுகிற நேரம். இதைச் சின்ன விசயம் என்று தள்ள எனக்கு மனமில்லை. பெயர்ப் பலகை போட்ட ஜக்கெற் வேண்டாம், வாகனம் வேண்டாம், சைக்கிளில் போகட்டும், அந்த வீட்டுக்கு ரியூசன் ரீச்சர் போகும் நேரத்தில் போகட்டும் என்று முடிவாகியது. இன்னொன்று, போகிற ஆளின் மனம். எங்கள் பக்கத்தில் இந்த வேலைக்கு வரும் பெண் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தங்களுக்கென்று ஒரு இழப்பைச் சுமந்துகொண்டுதான் வருகிறார்கள். பதினான்கு வீட்டுத் துயரத்தையும் கேட்டுவிட்டு இரவு தனியே இருக்க விட்டால், ஆறு மாதத்தில் மரத்துப் போவார், இல்லாவிட்டால் வேலையை விட்டுவிடுவார். வீடியோ அழைப்பை இங்கேதான் பயன்படுத்த வேண்டும் என்று நினைக்கிறேன். இரண்டு கிழமைக்கு ஒருதரம், பெற்றாரின் சம்மதத்தோடு எடுத்த ஐந்து நிமிடப் படத்தைப் போட்டு, வெளிநாட்டில் இருக்கிற அந்தச் சிகிச்சையாளரோடு அவர் கதைக்கட்டும். பிள்ளையைப் பற்றியும், தன்னைப் பற்றியும்.

கடைசியில் காசில் பத்தில் ஆறு பங்கு வீட்டுக்குப் போகும் பணியாளருக்கு. ஒரு பங்கு சைக்கிள் கடை இளைஞருக்கு. ஒரு பங்கு டேட்டாவுக்கும் ஒரு நல்ல போனுக்கும். மிச்சம் இரண்டு பங்கு வானுக்கு என்று வந்தது. பட்டறைக்கு ஒன்றும் இல்லை. வானை முழுக்க நிறுத்தச் சொல்லித்தான் நான் வாதாடினேன். ஆனால் இரட்டைப் பிள்ளைகளின் தாய் ஒருவர் எழும்பி, "மிஸ், அந்த வானுக்குள்ளதான் நாங்கள் எங்கட கதையைக் கதைக்கிறது. வேற எங்க கதைக்கிறது?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. தாய்மாருக்கும் தங்களை விளங்குகிற ஆள் வேண்டும் என்பதை என் தராசில் வைக்க மறந்துபோனேன். நாலு மாதத்துக்கு ஒருதரம் வான் போகும். போகும்போது, வீட்டில் எடுத்த படத்தைத் தாய் கையில் கொண்டுபோய் வைத்தியருக்குக் காட்டுவார். அந்தப் பத்து நிமிடத்துக்குள் வீடும் கொஞ்சம் போய்ச் சேரட்டும்.

பணியாளராக ஏஎல் முடித்த ஒரு பிள்ளையைத் தெரிவு செய்திருக்கிறார்கள். முதல் வீட்டுக்குப் போகுமுன் என்ன கொண்டுபோக வேண்டும் என்று என்னிடம் கேட்டார். விளையாட்டுச் சாமான் ஒன்றும் வேண்டாம், ஒரு கொப்பி மட்டும் கொண்டுபோங்கோ, முதல் மூன்று தரம் எதையும் பழக்க வேண்டாம், கண்டதை எழுதுங்கோ என்றேன். நேற்று அந்தக் கொப்பியைப் பார்த்தேன். முதல் பக்கத்தில் திகதிக்குக் கீழே நாலு வரி: "இன்று ஒன்றும் செய்யவில்லை. நாற்பது நிமிடம் படியில் இருந்தேன். அவள் செருப்புகளை அளவுப்படி அடுக்கினாள். எழும்பும்போது பார்த்தேன், என் செருப்பையும் அந்த வரிசையில் வைத்திருந்தாள்."